இருளில் ஒரு பாய்ச்சல்: ரோலர் கோஸ்டர் பயணத்துக்கும் வேண்டும் ஒரு திட்டம்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் குர்லா கிளையின் கவுண்டர்களில் ஒலிக்கும் பேச்சே மாறிவிடுகிறது. ஆண்டு முழுவதும் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் என்று பேசும் வாடிக்கையாளர்கள், தேர்வுகள் முடியும் தறுவாயில், "பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் அண்மைக் காலமாக அடிக்கடி இடம்பெறும் சொல், ரோலர் கோஸ்டர்.

நம் தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் ஊர்க் கோயில் திருவிழாவின் ராட்டினமும், மும்பைக்கு வந்தபின் மாஹிம் உரூஸிலும் பாந்த்ரா மாதா கோயில் திருவிழாவிலும் பார்த்த ஜயன்ட் வீலும்தான். நினைத்தால் ஏறுவோம், வேண்டாமென்றால் கீழே நின்று வேடிக்கை பார்ப்போம். அதற்கென்று தனியாக யாரும் திட்டமிட்டதில்லை. இன்றைய ரோலர் கோஸ்டரின் நிலை வேறு. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கவேண்டும். ஏறுவதற்கு உயர வரம்பு உண்டு. உடல்நிலை குறித்த எச்சரிக்கைகள் உண்டு. ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் கணிசமான பகுதியை ஒரே நாளில் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. எனவே இதற்கும் ஒரு திட்டம் தேவைப்படுகிறது. அந்தத் திட்டத்தில் பணத்துக்கு இரண்டாம் இடம்தான். யார் ஏறுவது, யார் ஏறாமல் இருப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்வதே முதல் வேலை.

குர்லாவுக்கு அருகில் எங்கே?

மும்பைவாசிகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ள பெரிய தீம் பார்க், கோப்போலி–பாலி சாலையில் 2013 ஏப்ரலில் திறக்கப்பட்ட இமேஜிகா. அங்குள்ள நைட்ரோ என்ற ரோலர் கோஸ்டர் திறந்தவெளியில் ஓடுவது. சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, மணிக்கு ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, பயணிகளை ஐந்து முறை தலைகீழாகப் புரட்டுகிறது. அதே பூங்காவில் டீப் ஸ்பேஸ் என்றொரு சவாரியும் இருக்கிறது. விண்வெளிப் பயணத்தைக் கருவாகக் கொண்ட இது, முழுக்க முழுக்கக் கட்டடத்துக்குள் இருட்டில் ஓடும் உள்ளரங்க ரோலர் கோஸ்டர். வெயிலும் மழையும் எட்டாத இடம் என்பதால், ஜூன், ஜூலை மாத மும்பைக்கு ஏற்ற சவாரி என்று பலரும் கருதுகிறார்கள்.

குர்லாவிலிருந்து சாலை வழியே செல்பவர்கள் செம்பூர், வாஷி, பன்வெல் கடந்து மும்பை–புணே விரைவுச் சாலையைப் பிடிக்கலாம். ரயிலை நாடுபவர்களுக்கு, கல்யாண், கர்ஜத் வழியாகக் கோப்போலி செல்லும் மத்திய ரயில்வேயின் புறநகர் ரயில்கள் உள்ளன. இந்த ரயில்களின் எண்ணிக்கை குறைவு. ஆகவே போகும் ரயிலின் நேரத்தோடு திரும்பும் ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்வது நலம்.

வெளிநாட்டில் வாழும் உறவினரைக் காணச் செல்லும் வாடிக்கையாளர்களுக்கு வேறு வாய்ப்புகளும் உண்டு. சிங்கப்பூரின் சென்டோசா தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸில், எகிப்திய மம்மியைக் கதைப்பொருளாகக் கொண்ட இருட்டு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. கோலாலம்பூரில் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்கொயர் என்னும் வணிக வளாகத்துக்குள்ளேயே சுமார் 800 மீட்டர் நீளத் தண்டவாளத்தில் ஓடும் ஒன்று இருக்கிறது. துபாயில் துபாய் ஹில்ஸ் மாலில் 2022இல் திறக்கப்பட்ட ஸ்டார்ம் கோஸ்டர், கட்டடத்துக்குள்ளேயே செங்குத்தாக மேலே பாய்வது. எங்கே சென்றாலும் ஏறுவோர் அறிந்திருக்க வேண்டியவை ஏறத்தாழ ஒன்றே.

வேகம் குறைவு, அச்சம் அதிகம்

உள்ளரங்க ரோலர் கோஸ்டர்களின் முன்னோடியாகக் கருதப்படும் ஸ்பேஸ் மவுண்டன், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டிஸ்னி பூங்காவில் 1975 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் மட்டுமே. நாம் நாள்தோறும் வாசற்படி வரை நெரிசலில் நின்று செல்லும் லோக்கல் ரயில் இதைவிட வேகமாக ஓடுகிறது. ஆனாலும் அதில் ஏறி இறங்கியவர்கள் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாகவே உணர்கிறார்கள்.

காரணம், இருட்டு. உடலின் சமநிலையை உட்காதின் உணர்வுறுப்பும் கண்களும் தசைகளும் சேர்ந்தே காக்கின்றன. வளைவு வருவதைக் கண் பார்த்துவிட்டால், கழுத்தும் இடுப்பும் நம்மை அறியாமலேயே அதற்குத் தயாராகிவிடும். குர்லா சந்திப்பை நெருங்கும்போது தடம் மாறும் ரயிலில், பழகிய பயணி கைப்பிடியைப் பற்றாமலே நிற்பதும் இந்த முன்னறிவால்தான். இருட்டு அந்த முன்னறிவைப் பறித்துவிடுகிறது. வளைவு வலப்பக்கமா இடப்பக்கமா, அடுத்து ஏற்றமா இறக்கமா என்பது உடல் தூக்கிப் போடப்பட்ட பிறகே தெரிகிறது.

இன்னொரு காரணம், கட்டடத்தின் அளவு. கூரைக்குக் கீழே நாற்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றி இறக்குவது எளிதன்று. எனவே பல உள்ளரங்கச் சவாரிகளில், சங்கிலியால் மெல்ல மேலே இழுப்பதற்குப் பதிலாக, மின்காந்த மோட்டார்கள் ரயிலைச் சட்டென முன்னோக்கி உந்தித் தள்ளுகின்றன. புளோரிடாவில் 1999இல் திறக்கப்பட்ட ராக் அண்ட் ரோலர் கோஸ்டர், நின்ற நிலையிலிருந்து மூன்று வினாடிக்குள் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டும்படி வடிவமைக்கப்பட்டது. மெல்ல ஏறும்போது மனம் தயாராவதற்குக் கிடைக்கும் ஒரு நிமிட அவகாசம் இங்கே கிடைப்பதில்லை. வளைவுகளும் இடநெருக்கடியால் இறுக்கமாக அமைகின்றன. வளைவு இறுக்கமாக இருந்தால் உடலை இருக்கையில் அழுத்தும் விசையும் கூடும். அந்த விசை புவியீர்ப்பைப் போல் மூன்று மடங்கானால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் 180 கிலோ எடையைச் சுமப்பதுபோல் உணர்வார். மேட்டைக் கடந்து சரியும்போது இதற்கு நேர்மாறாக எடையே இல்லாததுபோல் தோன்றும். அடிவயிறு ஜிவ்வென்று மேலே எழுவது அப்போதுதான்.

ரயில் ஏன் கழன்று விழுவதில்லை?

பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. பெரியவர்களுக்கும் விடை தெரிந்திருந்தால் நல்லது.

ரோலர் கோஸ்டரின் தொடக்கம், ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சாரங்கள் மீது பனியைக் கொட்டி அமைத்த சறுக்குமேடுகள். 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் ஐந்து சென்ட் கட்டணத்தில் இயக்கிய ஸ்விட்ச்பேக் ரயில்வே அதை வணிகமாக்கியது. அதன் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். 1919இல் ஜான் மில்லர் என்ற பொறியாளர், தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் வந்த பெரும் வேகத்துக்கு அதுவே வழிதிறந்தது. இன்று ஒவ்வொரு பெட்டியிலும் எடையைத் தாங்கும் மேற்சக்கரம், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பக்கச் சக்கரம், மேலே எழும்பாமல் தடுக்கும் அடிச்சக்கரம் என மூன்று வகைச் சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. தலைகீழானாலும் பெட்டி விழாதிருப்பது இதனால்தான்.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் ஓடினால் மோதாதா? இதற்கான ஏற்பாடு நமக்கு நன்கு பழக்கமானது. குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே ஒரு லோக்கல் நிற்கும்போது பின்னால் வருவது சிக்னலில் நிறுத்தப்படுகிறது அல்லவா? ரோலர் கோஸ்டரின் தண்டவாளமும் அவ்வாறே பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னுள்ள பகுதியை ஒரு ரயில் கடந்துவிட்டது என்று உணரிகள் உறுதி செய்த பிறகே பின்னுள்ளது அதற்குள் அனுமதிக்கப்படும். பிரேக்குகள் பெரும்பாலும் மின்சாரமோ காற்றழுத்தமோ நின்றுபோனால் தாமாகவே இறுகிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. காந்த பிரேக்குகளோ மின்சாரமே இன்றி வேகத்தைத் தணிப்பவை.

ஆகவே, நடுவழியில் சவாரி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் இயந்திரம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் செயல்தான். விளக்குகள் எரியும், ஊழியர்கள் நடைபாதை வழியே வருவார்கள். அதுவரை இருக்கையிலேயே அமைதியாக இருக்கவேண்டும். பாதுகாப்புக் கம்பியை நாமே விடுவிக்க முயல்வது எவ்வகையிலும் கூடாது.

விபத்துகள் சொல்லும் பாடம்

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் விபத்து நேர்ந்ததுண்டு. கனடாவின் எட்மன்டன் நகரில், வெஸ்ட் எட்மன்டன் மால் என்ற வணிக வளாகத்துக்குள் மைண்ட்பெண்டர் என்ற உள்ளரங்க ரோலர் கோஸ்டர் இருந்தது. 1986 ஜூன் 14 அன்று அதன் கடைசிப் பெட்டியின் சக்கரத் தொகுதி கழன்று, பெட்டி தடம் புரண்டு கான்கிரீட் தூணில் மோதியது. மூவர் உயிரிழந்தனர். சக்கரத் தொகுதியில் இருக்கவேண்டிய போல்ட்டுகள் இல்லாமற் போனதே காரணம் என்று தெரியவந்தது. பின்னர் ரயிலின் நீளம் குறைக்கப்பட்டு, தோள்பட்டைப் பாதுகாப்பும் சேர்க்கப்பட்டு, 1987இல் அது மீண்டும் இயங்கியது. 2023இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

நம் நாட்டிலும் 2019 ஜூலையில் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பகுதியில் ஊசல் வடிவச் சவாரி ஒன்று முறிந்து விழுந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் டெல்லியில் ஒரு பூங்காவின் ரோலர் கோஸ்டரிலிருந்து ஓர் இளம்பெண் விழுந்து உயிரிழந்தார்.

இவற்றைச் சொல்வது அச்சுறுத்துவதற்கு அன்று. பராமரிப்பும் பாதுகாப்புப் பட்டையும்தான் பயணியைக் காப்பவை என்பதை நினைவூட்டவே. போல்ட்டை நாம் சோதிக்க முடியாது. ஆனால் நம் கையில் இருப்பவை சில உண்டு. ஊழியர் ஒவ்வொரு இருக்கையாக வந்து கம்பியை இழுத்துப் பார்க்கிறாரா என்று கவனிக்கலாம். நம் கம்பி தளர்வாக இருப்பதாகத் தோன்றினால், ரயில் புறப்படும் முன் கையை உயர்த்திச் சொல்லலாம். அதில் கூச்சம் வேண்டியதில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சோதிக்காமல் அனுப்பும் இடமாக இருந்தால், கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று இறங்கிவிடலாம்.

யார் ஏறுவது, யார் ஏறாமல் இருப்பது

கடந்த கோடைக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். திருநெல்வேலி மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர். குர்லாவில் சிறு தொழில் நடத்துகிறார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்த மகளுக்கு, தீம் பார்க்குக்கு அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பது வயதில் ஒரு மகன். ஊரிலிருந்து அவருடைய தந்தையும் வந்திருந்தார். அவருக்கு இரண்டாண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தது.

"சார், ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுக்கவேண்டும். ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துத் தர முடியுமா?" என்பதே அவர் கேட்டது. அதற்குத் தேவை இருக்கவில்லை. சேமிப்புக் கணக்கிலேயே போதிய தொகை இருந்தது. ஆனால் பேச்சு பணத்தோடு நிற்கவில்லை. "அப்பாவும் ஏறவேண்டும் என்கிறார், சார். இத்தனை தூரம் வந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று கேட்கிறார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?" என்றார்.

தந்தையிடம் மகன் சொல்லத் தயங்கும் அந்த ஒரு சொல்லில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகர மருத்துவர்கள், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரோலர் கோஸ்டரில் 55 பேரை ஏற்றி அவர்களுடைய இதயத் துடிப்பை அளந்தார்கள். சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 91இலிருந்து 153ஆக உயர்ந்ததாக 2005இல் அறிவித்தார்கள். நலமான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். அடைப்புக்குச் சிகிச்சை பெற்ற இதயம், சீரற்ற துடிப்புள்ள இதயம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவற்றின் நிலை அப்படியன்று. இவர்களோடு, கர்ப்பிணிகள், கழுத்து அல்லது முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோரும் இத்தகைய சவாரிகளைத் தவிர்க்கவேண்டும். ஐயம் இருப்பின் தமக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கேட்பதே முறை. நுழைவாயிலில் நிற்கும் ஊழியருக்கு நம் மருத்துவக் கோப்பு தெரியாது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை உயர வரம்பே அளவுகோல். இது வெறும் சம்பிரதாயம் அன்று. பாதுகாப்புக் கம்பி குறிப்பிட்ட உடல் அளவுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அளவில் குறைந்த பிள்ளை அதன் இடைவெளியில் நழுவும் அபாயம் உண்டு. கனத்த அடிப்பாகமுள்ள காலணி அணிவித்தோ, நுனிக்காலில் நிற்கச் சொல்லியோ அளவுகோலைத் தாண்ட வைக்கும் பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு டிக்கெட்டின் மதிப்பைக் காப்பாற்ற எண்ணி, மதிப்பே கூற முடியாத ஒன்றைப் பணயம் வைப்பதாகும் இது. பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உரிய உயர வரம்பு தரப்பட்டிருக்கும். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, பிள்ளையை நிற்கவைத்துப் பார்த்துவிட்டால், வாசலில் அழுகைக்கு இடமிராது.

அந்த வாடிக்கையாளர் மறுவாரம் வந்து நடந்ததைச் சொன்னார். சயானில் உள்ள மருத்துவரிடம் தந்தையை அழைத்துச் சென்றிருக்கிறார். மருத்துவர் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் கூறியிருந்தால் வருத்தமாக முடிந்திருக்கக்கூடியது, மருத்துவர் வாயால் வந்தபோது அறிவுரையாக ஏற்கப்பட்டது. மகனுக்கு உயரம் நான்கு விரற்கடை குறைவு. மனைவிக்குப் பேருந்துப் பயணமே தலைச்சுற்றலைத் தருவது. ஆக, இருட்டுச் சவாரியில் ஏறப்போவது அவரும் மகளும் மட்டுமே. "இரண்டு பேருக்காக ஐந்து டிக்கெட்டா?" என்று அவர் தயங்கினார். மற்ற மூவருக்கும் உகந்த சவாரிகளும் காட்சிகளும் எவையென்று பட்டியலிட்டுப் பார்த்து, செலவுக்குரிய பயன் உண்டு என்று கண்டபின்பே ஐந்து டிக்கெட் எடுத்தார்கள். சவாரி நாளன்று எல்லாருடைய கண்ணாடியையும் கைப்பேசியையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த பெரியவர், "இன்றைக்கு நான்தான் பாங்க் லாக்கர்" என்றாராம்.

பணத்துக்கான திட்டம்

இனி நம் துறைக்கு வருவோம். பூங்காக்களின் கட்டணம் வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் வேறுபடும். பண்டிகைக் காலத்தில் உயரும். எனவே வார நாளில் செல்ல முடிந்தால் செலவும் குறையும், வரிசையும் குறையும். டிக்கெட் கட்டணத்தோடு போக்குவரத்து, உணவு, பொருள் வைக்கும் பெட்டி வாடகை, வரிசையில் முந்திச் செல்லும் சிறப்பு அனுமதி, படம் எடுத்துத் தரும் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிடவேண்டும். இந்தச் சில்லறைச் செலவுகள்தாம் பல குடும்பங்களின் கணக்கைக் குலைக்கின்றன.

கணக்குக்காக ஒரு குடும்பத்துக்கு மொத்தம் ₹15,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ₹1,250 வீதம் 12 மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கினால், ஆண்டு முடிவில் அந்தத் தொகையும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். அதே தொகையைக் கிரெடிட் கார்டில் செலவிட்டு, உரிய நாளில் கட்டாமல் விட்டால், மாதம் 3.5 சதவீத வட்டியில் ஒரு மாதத்துக்கே ₹525 கூடும், வரி தனி. ஒருநாள் மகிழ்ச்சிக்குப் பல மாதங்கள் வட்டி கட்டுவது விவேகமன்று. நெடுநாள் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முடித்தாலும் வட்டியில் இழப்பு நேரும். பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு தொடர் வைப்பைத் தொடங்கி, மாதாமாதம் அது வளர்வதைப் பாஸ்புக்கில் காட்டினால், சேமிப்புப் பழக்கத்துக்கும் அது ஒரு பாடமாகும்.

டிக்கெட் வாங்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. விடுமுறைக் காலத்தில் பூங்காக்களின் பெயரிலேயே போலி இணையதளங்களும் "பாதி விலை" விளம்பரங்களும் முளைக்கின்றன. வாட்ஸ்ஆப்பில் வரும் இணைப்பைத் தொடாமல், பூங்காவின் அதிகாரபூர்வ முகவரியை நாமே தட்டச்சு செய்து செல்வது பாதுகாப்பு. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாரேனும் யுபிஐ பின் எண்ணைப் பதிவிடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஓடிபி எண்ணை எவரிடமும் பகிரக்கூடாது. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய விவரங்களைப் பகிர்ந்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவரையே சாரும். ஆகவே ஏமாந்தது தெரிந்தவுடன் வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். டிக்கெட்டை ரத்து செய்வது, தேதி மாற்றுவது ஆகியவற்றுக்கான விதிகளைப் பணம் செலுத்துமுன் படித்துக்கொள்ளவும். சேவையில் குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

காப்பீட்டையும் இத்தருணத்தில் நினைவூட்ட விரும்புகிறோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா திட்டத்தில் ஆண்டுக்கு ₹20 பிரீமியத்தில், விபத்தால் மரணமோ முழுமையான நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் ₹2 லட்சமும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு ₹1 லட்சமும் காப்பீடு கிடைக்கிறது. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் சேரலாம். காப்பீட்டுக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே இறுதியில் பிரீமியம் கழிக்கப்படும்போது கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு தொடராது. கோடைச் செலவில் கணக்கை வற்றவைத்துவிடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இத்திட்டம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்க.

அந்த நாளில்

காலையில் பூங்கா திறக்கும் நேரத்துக்கே சென்றுவிட்டால், பெரிய சவாரிகளை வரிசை நீளுமுன் முடித்துவிடலாம். வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது. வயிறு நிறைய உண்ட உடனேயும் ஏறக்கூடாது. இரண்டு இட்லி போன்ற எளிய சிற்றுண்டிக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து ஏறுவது நல்லது. தண்ணீர் போதிய அளவு அருந்தவேண்டும்.

பெண்கள் சேலை முந்தானையோ துப்பட்டாவோ காற்றில் பறக்காத உடையைத் தேர்ந்தெடுத்து, கூந்தலை இறுகக் கட்டிக்கொள்ளவேண்டும். தங்கச் சங்கிலி, தொங்கும் காதணி ஆகியவற்றை வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ விட்டுச் செல்வது எல்லா வகையிலும் நல்லது. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை உடைக்குள் நன்றாகச் செருகிக்கொள்ளலாம். கண்ணாடி, கைப்பேசி, சாவி எதுவும் சட்டைப் பையில் இருக்கக்கூடாது. இருட்டில் விழுந்த பொருள் திரும்பக் கிடைப்பது அரிது. அது பின்னால் இருப்பவர் மீது பட்டால் காயமும் ஏற்படும்.

ஏறியபின் முதுகையும் தலையையும் இருக்கையோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். கைகளை வெளியே நீட்டக்கூடாது. உள்ளரங்கில் தூண்களும் உத்திரங்களும் எவ்வளவு அருகில் உள்ளன என்பது இருட்டில் தெரியாது. முதன்முறை ஏறுபவர்களுக்கு நடு இருக்கைகள் ஏற்றவை. கடைசிப் பெட்டி மேட்டைக் கடக்கும்போது முன்பெட்டிகளால் வேகமாக இழுக்கப்படுவதால், அதிர்ச்சி அங்கே சற்றுக் கூடுதல். இறங்கியதும் தலை சுற்றினால் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, அடுத்த சவாரிக்குச் செல்லலாம். தலைவலியோ கழுத்துவலியோ நீடித்தால் அலட்சியம் செய்யாமல் மருத்துவரை அணுகவேண்டும்.

இன்னொன்று. வரிசையில் நின்று ஏறும் இடம் வரை வந்த பின்னும் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். பெரும்பாலான பூங்காக்களில் அத்தகையோர் வெளியேற வழி இருக்கும். பிள்ளை அப்படிச் சொன்னால் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்யாமல் ஒதுங்கி வழிவிடுவது பெற்றோர் கடமை. விரும்பி ஏறினால்தான் அது கேளிக்கை. கட்டாயத்தில் ஏறிய பிள்ளைக்கு அந்தச் சில நிமிடங்கள் நெடுங்கால அச்சமாக மனத்தில் தங்கிவிடக்கூடும்.

சுருங்கச் சொன்னால், டிக்கெட் வாங்குவதற்கு முன் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். யாருடைய உடல் இதற்கு இடம் தரும்? யார் மனமாரக் கேட்கிறார்கள்? கடன் இன்றிச் செலவிட எவ்வளவு இருக்கிறது? இதற்கு அரைமணி நேரம் போதும். அடுத்த கோடையில் செல்ல எண்ணும் வாடிக்கையாளர்கள் இப்போதே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கலாம். அருகிலுள்ள கிளையில் எங்கள் அலுவலர்கள் உதவக் காத்திருக்கிறார்கள்.